கர்நாடகக் காதோடு சந்தூர் கேட்கப் போகிறவர்களுக்கு

சந்தூர் முதல் நிமிடத்திலேயே பிடித்துப்போகிற வாத்தியம். சாரங்கியோ ருத்ர வீணையோ அப்படி உடனே வசப்படாது. ஆனால் கச்சேரி தொடங்கி கொஞ்ச நேரம் போனதும் அந்த இனிமை ஒரே சீராகக் காதில் விழ ஆரம்பிக்கும். ராகம் எங்கே விரிகிறது, தாளம் எங்கே தொடங்குகிறது, முன்வரிசைக்காரர் எதற்குத் தலையை ஆட்டி ‘வாஹ்’ என்கிறார், ஒன்றும் பிடிபடாது. இசைப் பழக்கமே இல்லாதவர் சும்மா கேட்டு மகிழ்ந்துவிட்டுப் போய்விடுவார். கீர்த்தனையும் பல்லவியும் கேட்டு வளர்ந்தவருக்குத்தான் தவிப்பு. எனக்கு அது வருடக்கணக்கில் நீடித்தது. கச்சேரிச் சீட்டு, நல்ல ஹெட்ஃபோன், கடைசியில் சொந்தமாக ஒரு சந்தூர் என்று பணமும் கணிசமாகக் கரைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. அந்தச் சமயத்தில் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாத்தியத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சரிவகம் போன்ற மரப்பெட்டி, மேலே வரிசையாகச் சின்னச் சின்னக் குதிரைகள், அவற்றின் மேல் கம்பிகள், தட்டுவதற்கு இரண்டு மெல்லிய மரக்குச்சிகள். காஷ்மீரில் சூஃபியானா இசைக்குப் பயன்படும் பழைய சந்தூரில் 25 குதிரைகள், ஒவ்வொன்றின் மேலும் 4 கம்பிகள், ஆக 100. ஜம்முவில் 1938இல் பிறந்த சிவகுமார் சர்மாதான் இதை ராக சங்கீத மேடைக்கு ஏற்றவாறு மாற்றி அமைத்தவர். குதிரைகளைக் கூட்டினார், ஒரு ஸ்வரத்துக்கான கம்பிகளைக் குறைத்தார், ஸ்வரங்களை அடுக்கும் வரிசையை மாற்றினார், மடியில் வைத்து வாசித்தார். 1955இல் பம்பாயில் அவர் முதன்முதலாக மேடையேறியபோது, மீண்ட், அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது, இதில் வராது, இது ராகத்துக்கு ஆகாது என்ற ஆட்சேபம் பலமாக எழுந்தது. அந்த ஆட்சேபத்தை நாமும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் சந்தூரை ரசிப்பதன் சூட்சுமம் முழுக்க அந்தக் குறைக்குள்தான் இருக்கிறது.

வீணையில் ஒரு மெட்டில் கம்பியை இழுத்து காந்தாரத்தை அசைக்கலாம். சந்தூரில் அது நடக்காது. தட்டியவுடன் ஒலி பிறக்கிறது, பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகிறது. தோடியின் காந்தாரத்தையும் தர்பாரி ராகத்தின் ஆந்தோளனம் என்கிற மெல்லிய அசைவையும் இதில் தேடிக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நான் ஆரம்பத்தில் சலித்துப்போனதற்கு இதுவே முதல் காரணம். கமகத்தில் ராகத்தைத் தேடிப் பழகிய காது, கமகம் இல்லாத இடத்தில் ராகமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறது. சந்தூரில் ராகம் இருப்பது பிடிகளில். எந்த ஸ்வரத்திலிருந்து எந்த ஸ்வரத்துக்குத் தாவுகிறார், எதில் நிற்கிறார், எதைத் தொடாமல் போகிறார் என்பதைக் கவனியுங்கள். யமன் வாசித்தால் ‘நி ரி க’ என்று ஸட்ஜத்தை விட்டுவிட்டு ஏறுவதைக் கேளுங்கள். நம் கல்யாணியின் அசைவுகள் இல்லாவிட்டாலும் அந்த ஒரு பிடியிலேயே யமன் வந்துவிடும்.

அடுத்தது, ஒலி தேயும் நேரத்தில் கலைஞர் என்ன செய்கிறார் என்பது. ஒற்றைத் தட்டு தட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பது ஒரு வழி. குச்சியைக் கம்பியின் மேல் லேசாகத் துள்ளவிட்டு, தனித்தனித் தட்டாகத் தெரியாதபடி நீட்டிக்கொண்டே போவது இன்னொரு வழி. அப்படித் துள்ளும் குச்சியை அடுத்த ஸ்வரத்துக் கம்பிகளுக்கு இழுத்துச் செல்லும்போது இரண்டு ஸ்வரங்களுக்கும் இடையில் ஒரு பாலம் விழுகிறது. மீண்ட் வராது என்றவர்களுக்கு சிவகுமார் சர்மா கொடுத்த பதில் இதுதான். நேரில் கேட்கும்போது வலது கையை மட்டும் பார்க்காமல், உள்ளங்கையாலோ விரலாலோ கம்பியை அமுக்கி ஒலியை நிறுத்துவதையும் பாருங்கள். முன்பு தட்டிய ஸ்வரங்கள் அடங்காமல் மேலே மேலே குவிந்தால் சந்தூர் வெறும் சலசலப்பாகிவிடும். எதை ஒலிக்கவிட வேண்டும், எதை அடக்க வேண்டும் என்ற தீர்மானத்தில்தான் நல்ல கலைஞரும் சுமாரானவரும் பிரிகிறார்கள். இதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குச் சந்தூர் கச்சேரியில் பொறுமை வந்தது.

கச்சேரியின் அமைப்பையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். நம் கச்சேரியில் ஒன்பது பத்து உருப்படிகளாவது இருக்கும். இங்கே ஒரே ராகம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். முதலில் ஆலாப். தபலாக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மந்தர ஸ்தாயியில் தொடங்கி ஒவ்வொரு ஸ்வரமாகச் சேர்த்துக்கொண்டு மேலே போவார்கள். தார ஸட்ஜத்தைத் தொடுவது ஒரு கட்டம். அது எப்போது வருகிறது என்று காத்திருந்தால் ஆலாப் நீளமாகத் தோன்றாது. பிறகு ஜோட்: தபலா இல்லாமலேயே ஒரு நடை வந்துவிடும், காலால் தட்டலாம் போலிருக்கும். நம் தானத்தை நினைத்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு ஜாலா, வேகமான மீட்டல். அது முடிந்த பிறகே கத் என்கிற உருப்படி, தபலாவோடு. பொறுமை குறைவானவர்கள் ஆலாப் முடியும் நேரம் பார்த்து உள்ளே வருகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஆலாபில் எந்த ஸ்வரங்கள் முக்கியம் என்று காதில் பதியாவிட்டால், கத்தில் நடக்கும் எதுவும் ஒட்டாது.

தாளம்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நம் ஊரில் பாடகர் கையால் தாளம் போட்டுக் காட்டுகிறார், ரசிகர்களும் போடுகிறார்கள், மிருதங்கம் பாட்டின் போக்கில் வாசிக்கிறது. ஹிந்துஸ்தானியில் கையால் போட்டுக் காட்ட ஆளில்லை. தபலாவில் வரும் தேகா என்கிற நிலையான சொற்கட்டுதான் தாளம். அதைப் புரிந்துகொள்ள, சொற்கட்டை மனப்பாடம் செய்வதைவிட இடது தபலாவின் முழக்கத்தைக் கேட்பது பல மடங்கு பயன் தரும். வலப்பக்கம் மரத்தாலான சின்ன தபலா, ஸட்ஜத்துக்குச் சேர்த்தது. இடப்பக்கம் பித்தளை அல்லது செம்பாலான பாயான், அடித்தொனி கொடுப்பது. தீன்தாள் 16 மாத்திரை, நான்கு நான்காகப் பிரிந்தது. முதல், ஐந்தாம், பதின்மூன்றாம் மாத்திரைகளில் தட்டு, ஒன்பதில் வீச்சு. பாயான் முதல் எட்டு மாத்திரைகளிலும் முழங்கும், ஒன்பதிலும் முழங்கலாம், பத்திலிருந்து பதின்மூன்று வரை அடங்கிவிடும், பதினான்கில் திரும்ப முழங்கும். அந்த முழக்கம் திரும்பி வந்தால், ஆவர்த்தனம் தொடங்கும் இடமான சமம் மூன்றே மாத்திரை தூரத்தில் இருக்கிறது என்று பொருள். கையில் எண்ணவே வேண்டாம். பாயான் அடங்குவதையும் எழுவதையும் பிடித்துக்கொண்டால், எத்தனை வேகமாகப் போனாலும் சமம் உங்களைக் கடந்து ஓடாது.

மெதுவான தீன்தாள் கத் என்றால் பெரும்பாலும் பன்னிரண்டாம் மாத்திரையில் எடுப்பு. அங்கிருந்து ஐந்து மாத்திரை ஓடி வந்து சமத்தில் இறங்கும். இந்த ஐந்து மாத்திரைப் பிடிக்கு முக்டா என்று பெயர். கலைஞர் என்ன விஸ்தாரம் செய்தாலும் இந்த இடத்துக்குத் திரும்பி வருவார். முதல் இரண்டு ஆவர்த்தனத்திலேயே முக்டாவை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், நம் பல்லவியின் எடுப்பை வாங்கிக்கொள்வதைப்போல. திஹாய் என்பது ஒரு பிடியை மூன்று முறை சொல்லி சமத்தில் முடிப்பது. நம் மோராவைப்போலத்தான். மூன்றாவது முறை முடியும் இடம் சமத்தில் சரியாக விழும்போது முன்வரிசையில் தலை ஆடுகிறது. அந்தத் தலையாட்டலின் ரகசியம் இவ்வளவுதான் என்று தெரிந்த நாளில் எனக்கு ஆத்திரமும் ஆனந்தமும் சேர்ந்தே வந்தன.

தீன்தாள் பிடிபட்டதும் எல்லாம் பிடிபட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். சந்தூர் மேடையில் ஜப்தாளும் ரூபக்கும் அடிக்கடி வரும். சிவகுமார் சர்மா சந்தூருக்கு முன்பே தபலா கற்றவர், தந்தை உமா தத் சர்மாவிடம். லயக் கணக்கில் அவருக்கு இருந்த ஆசை அவர் வழியில் வந்தவர்களிடமும் தெரியும். ஜப்தாள் 10 மாத்திரை, 2, 3, 2, 3 என்று பிரியும். நம்மவர்களுக்கு இது எளிது: கண்ட சாபுவை நிதானமாக இரண்டு தடவை போட்டால் அதே எடை. பாயான் ஆறிலும் ஏழிலும் அடங்கி எட்டில் திரும்பும். ரூபக் தாள்தான் கண்ணி. நம் ரூபகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது 7 மாத்திரை, 3, 2, 2. மிச்ர சாபுவைப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் இங்கே சமத்திலேயே வீச்சு. முதல் மூன்று மாத்திரைகளில் பாயான் முழங்காது, நான்கில்தான் முழங்கும். கனமான தட்டு விழும் இடமே சமம் என்று பழகிய காது நான்காம் மாத்திரையைச் சமமாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு திஹாயும் தப்பான இடத்தில் முடிவதாகவே கேட்கும். நான் ஒரு முழுக் கச்சேரியை இப்படித்தான் இழந்தேன். ரூபக் என்று அறிவித்தால், லேசான இடமே தொடக்கம் என்று மனதுக்குச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கைக் காப்பவர் கச்சேரி நடுவே மாறிக்கொண்டே இருப்பார். சந்தூர் விஸ்தாரம் செய்யும்போது தபலா தேகாவைப் பிடித்திருக்கும். தபலாவுக்கு இடம் கொடுக்கும்போது சந்தூர் கத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக் கணக்கைக் காக்கும். நம் தனி ஆவர்த்தனத்தில் பாடகர் கையால் தாளம் போடும் வேலையை இங்கே கத் செய்கிறது. ஆகவே ஜாகிர் ஹுசைனோ அனிந்தோ சாட்டர்ஜியோ வாசித்த பதிவில், தபலாத் துண்டில் தாளம் தவறிப்போனால், தபலாவில் தேடாதீர்கள், சந்தூருக்குப் போங்கள். முக்டா அங்கே இருக்கும்.

ராகப் பெயர்களில் ஏமாறுவதும் நேரத்தைத் தின்னும். வடக்கே பைரவி என்றால் நம் தோடியின் ஸ்வரங்கள். வடக்கத்தித் தோடி நம் சுபபந்துவராளியின் ஸ்வரங்கள். ஹிந்தோள் என்ற பெயரைப் பார்த்து நம் ஹிந்தோளம் என்று போய் உட்காரக் கூடாது. நம் ஹிந்தோளத்துக்கு வடக்கே மால்கௌன்ஸ் என்று பெயர். பூபாளி என்றால் மோகனத்தின் ஸ்வரங்கள், பைரவ் என்றால் மாயாமாளவகௌளை, ஆஹிர் பைரவ் கிட்டத்தட்ட சக்கரவாகம். ஆனால் ஸ்வரம் ஒன்றாக இருந்தாலே ராகம் ஒன்று என்றில்லை. பூபாளியும் தேஷ்காரும் ஒரே ஐந்து ஸ்வரங்கள்தான். பூபாளி காந்தாரத்தில் நிற்கும், மாலைக்குரியது. தேஷ்கார் தைவதத்தில் நிற்கும், காலைக்குரியது. நமக்கு எளிதான வாசல், தெற்கிலிருந்து வடக்கே போன ராகங்கள்: கீரவாணி, ஹம்சத்வனி, சாருகேசி. இவற்றில் கீரவாணி சந்தூருக்கு அழகாகப் பொருந்தும். தெரிந்த ராகத்தில் கேட்டால், புதிய வாத்தியத்தின் வழிமுறையை மட்டும் கவனிக்க மனதுக்கு இடம் கிடைக்கும். எந்த ராகத்தில் தொடங்குவது என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் கீரவாணியைத்தான் சொல்வேன்.

வீட்டில் பதிவுகளைக் கேட்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கைபேசியின் ஸ்பீக்கரில் பாயானின் முழக்கம் கிட்டத்தட்டக் காணாமலே போய்விடும். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அடித்தொனியைக் கொடுக்க முடியாது. அதாவது தாளத்தைக் காட்டும் குரல் எதுவோ, சரியாக அதுவே உங்களுக்குக் கேட்காது. நான் பல மாதம் தாளம் புரியாமல் திண்டாடியதில் பாதிக்கு இந்த ஸ்பீக்கர்தான் காரணம். காதை மூடும் சாதாரண ஹெட்ஃபோன் போதும், விலை உயர்ந்தது வேண்டாம். என் விலை உயர்ந்த ஹெட்ஃபோன் கூடுதலாக எதையும் புரியவைக்கவில்லை. நேரில் போனால் பக்கவாட்டு ஸ்பீக்கர்களுக்கு நேர் எதிரே இருக்கும் இருக்கைகளைத் தவிருங்கள், எத்தனை விலைச் சீட்டானாலும். அங்கே தபலா ஓங்கி ஒலிக்கும், சந்தூரின் தேயும் பகுதி அதில் மூழ்கிவிடும். நடுவரிசையில் மையமாக, கலைஞரின் இரண்டு கைகளும் தெரியும்படி உட்காருவதே நல்லது. கச்சேரிக்கு நடுவே சுருதி சேர்த்துக்கொண்டே இருக்கிறாரே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பதை, சொந்த வாத்தியம் வாங்கிய பிறகு முழங்கை வலிக்க வலிக்க அறிந்துகொண்டேன்.

வாங்குவதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், பணம் போகும் இடம் அது. எனக்கு 28,000 ரூபாய்க்கு வந்த சந்தூருக்கு, கம்பி, பழுது, போக்குவரத்து என்று இன்னொரு 11,000 ஆனது. பார்சலைப் பிரித்தபோது பளபளவென்றிருந்தது, படத்தில் பார்த்த அதே அழகு. சுருதி சேர்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் வருவதற்குள் இறங்கிவிட்டது. விற்றவரிடம் கேட்டால், புதுக் கம்பி அப்படித்தான் இழுபடும் என்றார். புதுக் கம்பி சில நாட்கள் இழுபடுவது உண்மைதான். ஆனால் இதில் கோளாறு முளைகளில் இருந்தது. கம்பி சுற்றப்பட்டிருக்கும் இரும்பு முளைகள் மரத்தில் இறுக்கமாக நிற்க வேண்டும். சாவியைப் போட்டுத் திருப்பினால் கை கொஞ்சம் எதிர்ப்பை உணர வேண்டும். வெண்ணெயில் திருகுவதுபோல் வழுக்கிப் போனால் அந்தத் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். தடித்த முளை போட்டுத்தான் சரிசெய்ய முடியும், அதைச் செய்யத் தெரிந்த ஆளைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆகையால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு முளைகளையாவது திருகிப் பாருங்கள். சில ஸ்வரங்களைச் சேர்த்துவிட்டு ஒரு காபி குடித்து வந்து மறுபடி தட்டுங்கள். மேல்பலகை குழிந்திருக்கிறதா என்று பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள். எந்த சுருதிக்கு ஏற்றவாறு கட்டியது என்று கேட்டு, ஒரு செட் உபரிக் கம்பியும் அதே இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு தேடினால் அதே தடிமன் கிடைப்பது அரிது.

சுருதி சேர்க்கும்போது ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒன்றாகத் தட்டிக்கொண்டு திருகினால் எது விலகியது என்றே தெரியாது. ஓரத்துக் கம்பி இரண்டையும் துணிப்பட்டையால் அடக்கிவிட்டு நடுக்கம்பியை மட்டும் முதலில் சேருங்கள். பிறகு ஒரு ஓரத்தைத் திறந்து இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ‘வோவ்… வோவ்’ என்று ஓர் அலை கேட்கும். முளையை மயிரிழை திருப்பத் திருப்ப அலை மெதுவாகும். அலை நின்றுவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மூன்றாவதையும் அப்படியே. கம்பி சுருதிக்கு மேலே போய்விட்டால், நன்றாகக் கீழே இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றி நிறுத்துங்கள். இறக்கிய இடத்திலேயே விட்டால் நிற்காது. சாவியைப் பக்கவாட்டில் சாய்த்து நெம்பக் கூடாது, துளை பெரிதாவது அதனால்தான். மொத்தமும் ஒரு சுற்று முடிந்ததும் முதலில் சேர்த்தது இறங்கியிருக்கும். குதிரைகளின் மேல் விழும் மொத்த அழுத்தம் மாறுவதால் பலகை லேசாக அசைகிறது. இரண்டாம் சுற்று போயே ஆக வேண்டும். முதல் முறை செய்பவருக்குப் பாதி நாள் போகும். அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

கைபேசி ட்யூனரின் முள்ளைக் கண்மூடி நம்பினால் எல்லாம் சரியாக இருந்தும் சந்தூர் கரகரக்கும். அந்த முள் பியானோவின் சம இடைவெளிக் கணக்கைக் காட்டுகிறது. தம்புராவோடு இழையும் அந்தர காந்தாரம் அதைவிட 14 சென்ட் (அரை ஸ்வர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே, சதுஸ்ருதி தைவதம் 16 சென்ட் கீழே, காகலி நிஷாதம் 12 சென்ட் கீழே இருக்க வேண்டும். சாதாரண காந்தாரம் நேர்மாறாக 16 சென்ட் மேலே. பஞ்சமம் 2 சென்ட் மேலே, அது காதுக்குத் தெரியாத அளவு. ஆக ஸட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ட்யூனரில் சேர்த்துவிட்டு, மற்றவற்றைத் தம்புராவை ஓடவிட்டுக் காதால் சேர்ப்பதே வழி. தம்புராவின் ஸட்ஜக் கம்பியைக் கூர்ந்து கேட்டால் அந்தர காந்தாரம் உள்ளிருந்து தானாகவே ஒலிக்கும். அதோடு சேருங்கள்.

இப்போது யமனிலிருந்து கீரவாணிக்கு மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தாரம், மத்தியமம், தைவதம் மூன்றும் மாற வேண்டும். மூன்று ஸ்தாயி, ஸ்வரத்துக்கு மூன்று கம்பி என்றால் 27 கம்பிகள் வரை திருக வேண்டியிருக்கும். ராகத்துக்கு ராகம் சேர்க்கும் வாத்தியத்தில் இதற்குத் தப்ப வழியில்லை. பன்னிரண்டு ஸ்வரங்களையும் வரிசையாக வைத்து வாசித்த உல்ஹாஸ் பாபட் போன்றவர்களும் உண்டு. ஆனால் அதில் வேண்டாத கம்பியில் குச்சி படாமல் வாசிப்பது தனி வித்தை. வீட்டில் பழகுகிறவர்கள் ஒரு ராகத்தைச் சேர்த்துவிட்டு ஒரு பருவம் முழுக்க அதிலேயே இருப்பது வாத்தியத்துக்கும் நல்லது, காதுக்கும் நல்லது. கம்பி மாற்றும்போது ஒன்று ஒன்றாகவே மாற்றுங்கள். குதிரைகள் ஒட்டப்பட்டவை அல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் குதிரைகள் சாய்ந்துவிடும், எது எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாமல் போய்விடும். வாங்கிய அன்றே மேலிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நம் கடலோர ஊர்களின் உப்புக்காற்று எஃகுக் கம்பியைச் சீக்கிரம் துருப்பிடிக்கவைக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பிகளையும் அடியில் இருக்கும் பலகையையும் துடையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள். உலர்ந்த காற்றில் பதப்படுத்திய வால்நட் மரம் ஐப்பசி மழையில் உப்பும், சுருதி ஏறும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் சேர்க்காதீர்கள், அரை மணி நேரம் வெளியில் பழகவிட்டுப் பிறகு சேருங்கள்.

கூட தபலாவும் வாங்குவதென்றால் முதலில் சந்தூரின் ஸட்ஜம் என்ன என்று முடிவுசெய்துவிட்டு அதன்பிறகு வாங்குங்கள். வலது தபலாவின் வாய் சிறியதாக இருந்தால் சுருதி அதிகம், பெரியதாக இருந்தால் குறைவு. ஒன்று, ஒன்றரை சுருதிக்கு மேல் ஒரே தபலாவை ஏற்றி இறக்க முடியாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் தோல் கிழியும். வாரின் அடியில் செருகிய எட்டு மரக்கட்டைகளைச் சுத்தியலால் கீழே தட்டினால் சுருதி கணிசமாக ஏறும். மேலே பின்னியிருக்கும் தோல் வளையத்தைத் தட்டுவது நுணுக்கமான திருத்தத்துக்கு. வளையத்தை மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். ஓர் இடத்தைத் தட்டினால் நேர் எதிரிலும் தட்ட வேண்டும், மிருதங்கத்தில் செய்வதைப்போலவே. சுற்றிலும் ஒரே சுருதி வராதவரை சந்தூரோடு இழையாது. கச்சேரி மேடையில் தபலாக்காரர் கையில் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம். விளக்குச் சூட்டில் தோல் காய்ந்து ஏறும், அதே சூட்டில் சந்தூரின் எஃகுக் கம்பி நீண்டு இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுவதால் இருவரும் மாறி மாறிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கேட்பதற்கு ஒரு வரிசை வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌரசியா, பிரிஜ் பூஷண் காப்ரா மூவரும் 1967இல் சேர்ந்து பதிவுசெய்த இசைத்தட்டில் தொடங்கலாம்; சந்தூர் புல்லாங்குழலிலிருந்தும் கிட்டாரிலிருந்தும் எங்கே பிரிகிறது என்று காது பழகும். அடுத்து கீரவாணியோ ஹம்சத்வனியோ தீன்தாளில் முழுதாக ஒரு பதிவு, ஆலாபிலிருந்தே. அதே பதிவைத் திரும்பக் கேளுங்கள்: ஒரு தடவை முக்டாவுக்காக, ஒரு தடவை பாயானுக்காக மட்டும், ஒரு தடவை ஒலி அடங்கும் இடங்களுக்காக. புதுப்புதுப் பதிவாகத் தாவிக்கொண்டிருந்தால் மறுபடி அந்த இனிமையிலேயே மூழ்கிவிடுவீர்கள். அதன் பிறகு ஜப்தாள், கடைசியில் ரூபக். பஜன் சோபோரியின் வாசிப்பையும் விடாதீர்கள். ஸ்ரீநகரில் பிறந்து சூஃபியானா மரபில் வளர்ந்த அவருடைய சந்தூருக்கு அமைப்பும் ஒலியும் வேறு, கம்பியை அழுத்தி மீண்ட் வரவழைக்க அவர் எடுத்த வழியும் வேறு. ஜம்மு வழிச் சந்தூரை மட்டும் கேட்டவர்கள் அதைக் கேட்டதும் இது அதே வாத்தியமா என்று கேட்பார்கள்.